உடம்பு குறைக்கும் 'மூலிகை' கேப்ஸ்யூல்: எங்க மைனிக்கு நெஞ்சு படபடக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

குறுக்குத்துறைக்காரி | திங்கள், இரவு 9.40

எங்க மைனிக்கு 36 வயது. ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் 82 கிலோ. தையில் அவங்க தங்கச்சிக்குக் கல்யாணம். பழைய ஜாக்கெட் ஒன்றும் கையில் ஏறவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தாங்க. பியூட்டி பார்லரில் பழக்கமான ஒரு அக்கா ஒரு டப்பா கொடுத்திருக்காங்க. 30 கேப்ஸ்யூல், 3,500 ரூபாய்.

டப்பா இப்போது என் கையில்தான் இருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக். தாமரைப் பூ போட்ட ஸ்டிக்கர், '100% மூலிகை, பக்கவிளைவு அறவே இல்லை'. செய்தது யார், எந்த ஊர், எப்போது காலாவதி, ஒன்றுமே இல்லை.

11 நாளில் 4 கிலோ இறங்கியது நிஜம். மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி அதுவும் கிடையாது. பசிக்கவே இல்லை என்றாங்க. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம், எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. நாக்கு ஒட்டுகிறது என்று தண்ணீர் பாட்டிலைக் கையை விட்டு இறக்குவதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் தேய்க்கிறாங்க. மார்கழிக் கோலம் என்றால் எங்க தெருவே மைனி வாசலைத்தான் பார்க்கும். நேற்று 15 புள்ளி வைத்தாங்க, வரிசை வரிசையாகக் கோணிக்கொண்டு போனது. மாவு விரலிலிருந்து உதறி உதறி விழுகிறது. அழித்துவிட்டு உள்ளே போயிட்டாங்க.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தோம். பிரஷர் 160/100, நாடித்துடிப்பு 112. அங்கே டப்பாவைப் பற்றி மைனி வாயே திறக்கவில்லை. "மூலிகைதானே, மருந்தா என்ன?" என்கிறாங்க. கல்யாணம் முடிகிற வரைக்கும் நிறுத்த மாட்டாங்களாம். இதில் என்னதான் இருக்கும்?

சிவப்புக்கோடு | திங்கள், இரவு 10.15

தங்கச்சி, ஜங்ஷன் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் 26 வருஷமாக நிற்கிறவன் நான். முதலில் ஒன்று: இன்று ராத்திரியே நிறுத்தச் சொல்லுங்கள். நாளை டாக்டரிடம் போகும்போது டப்பாவும் கூடப் போகட்டும். நெஞ்சு வலி, மூச்சு இரைப்பு, ஒரு பக்கம் கை கால் வராமை, பேச்சுக் குழறல் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. ஆனால் நாக்கு வறட்சி, தூக்கமின்மை, பசியே இல்லாமை, பிரஷர், படபடப்பு எல்லாம் ஒன்றாக வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சிபுட்ராமின். மூளையில் பசியை அடக்குகிற மருந்து. முன்பு டாக்டர் சீட்டுக்கு நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஏற்கனவே இதய நோயோ சர்க்கரையோ இருந்த ஏறத்தாழ 10,000 பேரைப் பல வருஷம் கவனித்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. 2010 ஜனவரியில் ஐரோப்பாவில் நிறுத்தினார்கள், அக்டோபரில் அமெரிக்காவில். நம் நாட்டில் 2011 பிப்ரவரியில் தடை.

தடை போட்டால் கடையிலிருந்துதான் போகும். அதற்கப்புறம் பல நாடுகளில் 'மூலிகை' என்று விற்ற கேப்ஸ்யூல்களைச் சோதித்தபோது, பலவற்றில் இதே சிபுட்ராமின் உள்ளே அகப்பட்டிருக்கிறது. சீட்டோடு வந்த காலத்தில் 10 மி.கி., 15 மி.கி. என்று அளவாவது தெரியும். இந்த டப்பாவில் ஒரு கேப்ஸ்யூலில் எவ்வளவு என்று செய்தவனுக்கே தெரியாது.

ரதவீதி | திங்கள், இரவு 10.50

ரொம்பப் பயமுறுத்தாதீங்க அண்ணாச்சி. என்கூட வேலை பார்க்கிற பையன் இதே மாதிரி டப்பா சாப்பிட்டு 9 கிலோ குறைந்தான். நல்லாத்தான் இருக்கான். இங்கிலீஷ் மருந்துக்காரங்களுக்கு மூலிகை என்றாலே ஆகாது. பாராசிட்டமாலில் பக்கவிளைவு இல்லையா?

சிவப்புக்கோடு | திங்கள், இரவு 11.05

மூலிகைக்கு நான் எதிரி இல்லை தம்பி. 1964-லிருந்து பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் நம்முடையது. எங்க வீட்டில் காய்ச்சல் என்றால் நிலவேம்புதான் முதலில். ஆனால் சித்த மருந்து டப்பாவிலும் உரிம எண், பேட்ச் எண், என்னென்ன சேர்ந்தது என்ற விவரம் இருக்கும். தாமரைப் பூ மட்டும் இருந்தால் அது சித்தமும் இல்லை, ஆயுர்வேதமும் இல்லை.

பாராசிட்டமாலில் உண்டுதான். எவ்வளவு சாப்பிட்டால் கல்லீரல் கெடும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் அதுதான்.

உடம்பு குறைக்கிற மாத்திரைகளின் ஜாதகத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1930-களில் டிஎன்பி என்று ஒன்று. வெடிமருந்துத் தொழிற்சாலையில் புழங்கிய ரசாயனம், உடம்பை உள்ளேயே கொதிக்க வைத்துக் கொல்லும். இன்றும் இணையத்தில் விற்கிறார்கள். ஃபென்ஃப்ளூராமின் இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-ல் போனது. ரிமோனபன்ட் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கொண்டுவருகிறது என்று ஐரோப்பாவில் 2008-ல், இங்கே 2009-ல். லோர்காசெரின் புற்றுநோய் சந்தேகத்தில் 2020-ல். இவையெல்லாம் அந்தந்தக் காலத்தில் 'இளைத்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று நிறைய பேர் சொன்ன மருந்துகள்தான்.

நைட் டியூட்டி | செவ்வாய், அதிகாலை 3.20

வார்டு கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீங்க.

போன வருஷம் கல்லூரிப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலை ஊன்ற முடியவில்லை, தொடை கல் மாதிரி பிடித்துக்கொண்டது. ரத்தத்தில் பொட்டாசியம் அதலபாதாளம். அம்மா அழுகிறார், பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. துணி மாற்றும்போது பையில் ஒரு அட்டை மாத்திரை. சிறுநீர் போகிற மாத்திரை, கால் வீக்கத்துக்கு அவங்க தாத்தாவுக்குக் கொடுத்தது. ஒரு நாளில் ஒன்றரைக் கிலோ குறைகிறதாம். குறையாமல் என்ன செய்யும்? போனது அத்தனையும் தண்ணீர். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிப் போயிருக்கும்.

இன்னொரு கூட்டம் அக்காவின் தைராய்டு மாத்திரையை எடுத்துச் சாப்பிடும். தைராய்டு சரியாக இருக்கிறவங்க அதைச் சாப்பிட்டால் படபடப்பும் எலும்புத் தேய்மானமும்தான் மிச்சம். வெங்காரம் தின்றால் இளைக்கும் என்று ஒரு வீடியோ வேறு சுற்றுகிறது. தங்க ஆசாரி பத்தவைக்கும்போது போடுகிற பொருள் அது, வயிற்றுக்குள் போனால் விஷம். பட்டணம்பொடி போட்ட ஆச்சிகூட இந்த அளவுக்குக் கோட்டித்தனம் செய்ததில்லை.

குறுக்குத்துறைக்காரிக்கு: மைனியைத் திட்டாதீங்க. எங்ககிட்ட வருகிறவங்க மருந்தை மறைப்பதே வீட்டில் திட்டுவார்கள் என்றுதான்.

தேரிமணல் | செவ்வாய், காலை 7.30

சாத்தான்குளம் பக்கத்துக்காரன். 1986 வரை எங்களுக்கும் திருநெல்வேலிதான் ஜில்லா, அந்த உரிமையில் நுழைகிறேன்.

மாத்திரையைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்த 'ஸ்லிம் டீ' என்று விற்கிறார்களே, அதைப் பற்றித் தெரியும், ஏனென்றால் அதில் இருக்கிற இலையை விளைவிக்கிறவனே நான்தான். நிலாவரை. எங்க பக்கம் நிறைய பேர் அவுரி என்றே சொல்வார்கள், சாயத்துக்குப் போகிற நீல அவுரி வேறு. உலகச் சந்தையில் இதற்குப் பெயர் 'டின்னவேலி சென்னா'. வெள்ளைக்காரன் திருநெல்வேலியைக் கடித்துத் துப்பிய பெயர். ஊர் தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது, இலைக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

மானாவாரிப் பயிர். மழை ஒன்றிரண்டு விழுந்தால் போதும். உருவின இலையை நிழலில் பரப்பிப் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். சுள்ளென்ற வெயிலில் போட்டால் நிறம் மாறும், பச்சை போனால் விலையும் போச்சு. தூத்துக்குடி குடோனுக்குப் போய் அங்கிருந்து கப்பல். இன்னொரு சௌகரியம், இதை ஆடு மாடு கடிக்காது. வேலிச் செலவு கிடையாது.

போன மாசம் மகள் வீட்டில் ஒரு டப்பா பார்த்தேன். 20 பை, 450 ரூபாய். வெளிநாட்டுக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். ஒரு பையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன். மோந்து பார்க்கவே வேண்டியதில்லை, எங்க களத்துச் சருகு. ஆடு வாய் வைக்காத இலையைக் கப்பல் ஏற்றி, திரும்ப இறக்கி, இளைக்கும் என்று எனக்கே விற்கிறான்!

எங்க ஆச்சி கொடுப்பாள், ரெண்டு நாள் வெளியே போகாதவனுக்கு, ஒரு ராத்திரி, ஒரே ஒரு சிட்டிகை. சித்த வைத்தியத்தில் இதே இலையை நிலவாகை என்பார்கள், நிலவாகைச் சூரணம் என்று இருப்பதும் மலச்சிக்கலுக்குத்தான். தினம் குடிக்கிற சமாசாரம் கிடையாது.

நைட் டியூட்டி | செவ்வாய், காலை 8.10

டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன். தேரிமணல் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சோற்றுச் சத்தெல்லாம் சிறுகுடலிலேயே ரத்தத்தில் சேர்ந்துவிடும். நிலாவரை வேலை செய்வது அதையெல்லாம் தாண்டி, பெருங்குடலில். அங்கே இருக்கிற பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் வயிற்றைப் பிசைகிறது. ஆக, தின்ற பரோட்டா உள்ளேயே இருக்கும். வெளியே போவது தண்ணீரும் உப்பும். தினம் குடித்தால் அது இல்லாமல் வயிறு போகவே போகாது என்ற நிலைக்கு வந்துவிடுவார்கள்.

குறுக்குத்துறைக்காரி | செவ்வாய், காலை 8.45

இதைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். எங்க அம்மா மூன்று மாதமாகக் குடிக்கிற 'கிரீன்' டீ டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில், எறும்பு மாதிரி எழுத்தில் 'சென்னா இலை'. அம்மா பொட்டாசியத்துக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கணும் போல.

வடசேரிக்காரன் | செவ்வாய், காலை 11.20

எங்க நாகர்கோவில் பக்கம் மீன்குழம்புக்குப் போடுகிற கொடம்புளிக்கும் இதே கதிதான். 'கார்சீனியா' என்று கேப்ஸ்யூலில் அடைத்து இளைக்கும் என்கிறார்கள். 1998-லேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து, வெற்று மாத்திரையைவிட ஒன்றும் அதிகம் குறைக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தச் சாற்றால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. குழம்பில் ரெண்டு துண்டு போட்டால் ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க.

புதுசா வந்தவன் | செவ்வாய், மதியம் 1.00

அப்போ டாக்டர் சீட்டோடு வாங்குகிற மாத்திரையும் தப்பா? இப்போது எல்லோரும் சொல்கிற ஊசி? எனக்கு 104 கிலோ, சர்க்கரையும் உண்டு. 'நடங்க, சரியாகும்' என்று மட்டும் சொல்லாதீங்க. மூட்டு வலியில் நடக்க முடியவில்லை.

சிவப்புக்கோடு | செவ்வாய், மதியம் 3.30

நியாயமான கேள்வி. எல்லா மருந்தும் தப்பு என்றால் நான் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆர்லிஸ்டாட் என்று ஒன்று உண்டு. சாப்பாட்டிலிருக்கும் கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தைக் குடல் ஏற்காமல் தடுக்கும். தடுத்த எண்ணெய் எங்கே போகும்? அப்படியே கீழே. இதைப் போட்டுக்கொண்டு டவுனில் கால் கிலோ அல்வா தின்ற ஒருவர், மறுநாள் ரத வீதியில் பட்ட பாட்டை என்னிடம் சொன்னார். இங்கே எழுத முடியாது. ஏ, டி, இ, கே வைட்டமின்களும் அந்த எண்ணெயோடு போகும், அரிதாகக் கல்லீரலும் பாதிக்கும். தடை செய்த மருந்து இல்லை, ஆனால் டாக்டர் பார்வை வேண்டும்.

ஊசி வேறு விஷயம். செமாகுளுடைட் என்ற மருந்து சர்க்கரைக்கான மாத்திரையாக 2022-ல் நம் நாட்டுக்கு வந்தது, எடைக்கான ஊசியாக 2025-ல். டிர்செபடைட் ஊசியும் 2025 மார்ச்சில் வந்தது. சர்க்கரையும் அதிக எடையும் சேர்ந்து இருக்கிற உங்களைப் போன்றவர்களுக்கு டாக்டர் எழுதினால் நிஜமாகவே உதவும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். பித்தப்பைக் கல், கணைய அழற்சி வந்தவர்களும் உண்டு. குடும்பத்தில் மெடுல்லரி என்கிற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது. பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்களும் தள்ளி நிற்கணும். நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பங்கு ஒரு வருஷத்தில் திரும்பி வருவதை ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் போட்டுக்கொள்கிற ஊசி இல்லை அது.

அட்டையில் இடது ஓரம் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் நானே கொடுக்கக் கூடாது. என் பெயரே அதை வைத்துத்தான்.

ஐந்தரை மணி | செவ்வாய், இரவு 8.00

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயது 47, கிளார்க். 91 கிலோவிலிருந்து 79. பதினாலு மாதம் ஆனது. யாரிடமும் சொல்கிற மாதிரி கதை ஒன்றும் இல்லை, அதுதான் இதில் சிக்கலே. 11 நாளில் 4 கிலோ என்றால் கேட்க நான்கு பேர் வருவான்.

முதல் மாதம் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. ஆபீசில் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சீனி. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்தால் தினம் 50 கிராம், 200 கலோரி. ஒரு மணி நேரம் நடந்தால் எனக்கு எரிவதே 300-க்குள்தான். சீனியை விட்டேன். முதல் வாரம் டீ கழுநீர் மாதிரி இருந்தது, இப்போது சீனி போட்டால்தான் குடிக்க முடியவில்லை. கருப்பட்டிக்கு மாறினால் போதும் என்று எங்க அம்மா. கருப்பட்டியும் சர்க்கரைதானே, நம் ஊர் பனையில் வந்ததால் கலோரி கூச்சப்பட்டுக்கொண்டு விலகுமா?

அப்புறம் தட்டு. சொதியை விடவில்லை, சொதிக்காக விசேஷ வீடுகளுக்குப் போகிறவன் நான். தேங்காய்ப்பால் என்று பயந்து அதை விட்டிருந்தால் ரெண்டாவது வாரமே எல்லாவற்றையும் விட்டிருப்பேன். மாற்றியது அளவை. முன்பு மூன்று கரண்டி சோறும் ஓரத்தில் தொட்டுக்கொள்ள அவியலும். இப்போது முதலில் தட்டில் பாதி அவியலோ கீரையோ, அப்புறம் பருப்பு அல்லது மீன் அல்லது முட்டை, மிச்ச இடத்தில்தான் சோறு, ஒன்றரைக் கரண்டி. இடமே இல்லாததால் குறைந்தது. ராத்திரி பரோட்டா சால்னா வாரம் நான்கு நாள் இருந்தது, மாதம் ஒன்று ஆனது. அந்த ஒன்றை ஒரு குற்றவுணர்ச்சியும் இல்லாமல் தின்கிறேன்.

காலை ஐந்தரைக்கு பாளை வ.உ.சி. மைதானம். முதல் நாள் ரெண்டு சுற்றிலேயே நாக்கு தள்ளியது. 2023 நவம்பரில் அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கி.மீ. நடைபாதை ஆரம்பித்ததே, அதை முழுசாக நடக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. நடுவில் ரெண்டரை மாதம் முள் ஒரு கிராம்கூட அசையவில்லை. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கூட நடக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர், "எடையைப் பார்க்காதேயும் வே, பெல்ட்டைப் பாரும்" என்றார். ரெண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பதை அவர்தான் சொன்னார்.

புதுசா வந்தவருக்கு: மூட்டு வலி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பியுங்கள். கையால் பிடிக்காமல் பத்து தடவை. எங்க அப்பாவுக்கு பிசியோதெரபிஸ்ட் கொடுத்த முதல் பாடம் அது.

சிவப்புக்கோடு | செவ்வாய், இரவு 9.10

வாத்தியார் சொன்னது சரி. நம் நாட்டில் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரில் ஒரு பகுதியினரைச் சாப்பாட்டையும் நடையையும் மட்டும் மாற்றச் சொன்னார்கள். மூன்று வருஷத்தில் எடை பெரிதாக இறங்கவே இல்லை. ஆனால் சர்க்கரை நோய்க்குள் விழுவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம்.

மைனி 82 கிலோ என்றால், ஆறு மாதத்தில் 4 முதல் 8 கிலோ போனாலே பிரஷருக்கும் சர்க்கரைக்கும் நல்லது. தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ரதவீதி | புதன், காலை 10.00

ஒன்று சொல்லணும். அந்தப் பையனைக் கேட்டேன். "ஏல, நான் அதை எப்பவோ நிறுத்திட்டேன். ராத்திரி தூக்கமே இல்ல, நெஞ்சு டக்கு டக்குனு அடிச்சுது" என்கிறான். என்னிடம் சொல்லவே இல்லை, சவம். எனக்கு 'நல்லா வேலை செய்யுது'ன்னு சிபாரிசு பண்ணினவன் அவன்தான்.

குறுக்குத்துறைக்காரி | பதினாறு நாள் கழித்து, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. அன்றைக்கே மைனியை அழைத்துப் போனோம். இந்தத் தடவை டப்பாவை நானே மேஜையில் வைத்தேன். இசிஜி எடுத்தாங்க, பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. நிறுத்தி ரெண்டு வாரத்தில் பிரஷர் 134/86. தூக்கம் வந்துவிட்டது. போன 4 கிலோவில் இரண்டரை திரும்பியும் வந்துவிட்டது, அதற்கு ஒரு நாள் முழுக்க அழுதாங்க. ஜாக்கெட்டுக்குத் தையல்காரர் கையில் துணி வைத்துக் கொடுத்துவிட்டார். அம்மா டீயை நிறுத்தியாச்சு, மூன்று நாள் வயிறு கல்லாக இருந்தது, இப்போது பரவாயில்லை.

எழுத வந்தது வேறு. டப்பா கொடுத்த அக்காவுக்கு நேற்று மைனி போன் போட்டு நடந்ததைச் சொல்லியிருக்காங்க. சாயங்காலமே அந்த அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாங்க. கையில் 3,500 ரூபாய், முழுசாக. "காசை வச்சுக்கோங்க, அந்த டப்பாவை மட்டும் கொடுத்துருங்க" என்று வாசலிலேயே நிற்கிறாங்க. மைனி பாவம் பார்த்து எடுக்கப் போயிட்டாங்க, நான்தான் தடுத்தேன். என்ன செய்ய அண்ணாச்சி?

சிவப்புக்கோடு | இரவு 9.22

கொடுக்காதீங்க. மிச்சம் எத்தனை கேப்ஸ்யூல் இருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். நாளைக்கு மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு நானும் கூட வருகிறேன். வாங்கியவர்களே கட்டணம் கட்டிச் சோதனைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மருந்துப் பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 இலவச எண்ணும் உண்டு.

குறுக்குத்துறைக்காரி | இரவு 9.31

பதினெட்டு இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு, டப்பாவோடு வருகிறேன்.